'பெண்ணே' என்று நுழைத்துவிடாதே

லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கிலக் கவிஞர் ஏ. இ. ஹவுஸ்மன் கவிதைகளைத் தமிழில் கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தாய். நீ யாப்பு பார்ப்பவன் ஆயிற்றே, அதனால் முதலில் இது: அசை குறைகிறதே என்று எங்கும் 'பெண்ணே', 'கண்ணம்மா' என்று நுழைத்துவிடாதே. ஆணா பெண்ணா என்று காட்டாமல், வெறும் 'நான்', 'நீ'யை வைத்தே பல கவிதைகளை ஓட்டியவர் அவர். நம் 'நீ போனாய்' அதற்குத் தோதுதான். 'போனான்' என்று வரும்போதுதான் வினைமுற்று காட்டிக்கொடுக்கும்.

அந்த 'நீ' மோசஸ் ஜாக்சன், ஹவுஸ்மன் காதலித்த ஆண், ஆக்ஸ்ஃபோர்டில் உடன் படித்தவர். பிறகு லண்டனில் இருவரும் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். 1885 வரை ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஜாக்சனுக்கு அந்த நாட்டம் இல்லை. 1887இல் கராச்சியில் கல்லூரி முதல்வராகப் போய்விட்டார். 1889இல் நடந்த கல்யாணம் ஹவுஸ்மனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒளித்ததற்குக் காரணம் கூச்சம் மட்டுமில்லை. 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணோடு ஆண் உறவுக்கு 2 ஆண்டுவரை சிறை. 1895இல் ஆஸ்கர் வைல்டுக்கு அந்த முழுத் தண்டனையும் கிடைத்தது. முடியின் நிறத்துக்காக ஒருவனைக் கைவிலங்கிட்டு இழுத்துப்போகும் கவிதை அதையொட்டி எழுதியது. ஹவுஸ்மனின் தம்பி லாரன்ஸ் அதை அச்சில் ஏற்றியது 1937இல், கவிஞர் இறந்த மறு ஆண்டு. 'அவன்' என்றே தொடங்கும் கவிதையும் அப்போதுதான் வெளியே வந்தது. வெளிப்படையாக அவர் ஜாக்சன் பெயரைப் போட்டது 1903இல், பழைய ரோமானியக் கவிஞர் மனிலியஸின் நூலுக்கு அவர் கொண்டுவந்த பதிப்பின் காணிக்கைக் கவிதையில். அதுவும் லத்தீனில்!

நீ சறுக்கக்கூடிய இடம் இன்னொன்று. ஒரு கவிதையில் அவர் 'காதலித்தேன்' என்று சொல்லவில்லை. உன்னை எனக்குப் பிடித்திருந்தது, ஒரு ஆண் வாய்விட்டுச் சொல்லத் தகாத அளவுக்கு என்கிறார். 'காதல்' போட்டால் அந்த அடக்கம் போச்சு. 'ஆண்' என்பதை 'மனிதன்' ஆக்கினால் கவிதையே போச்சு.

லாரன்ஸ் ஹவுஸ்மனின் இந்தக் காதலைப் பற்றி எழுதிய கட்டுரையை, 25 ஆண்டு திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு 1942இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்துவைத்தார். அது அச்சான 1967இல்தான் இங்கிலாந்தில் அந்தச் சட்டமும் தளர்ந்தது. மியூசியத்தின் நூலகம் இப்போது பிரிட்டிஷ் லைப்ரரி. இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பவற்றில் அதன் வாசகர் அட்டையும் ஒன்று. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். உள்ளே பென்சில் மட்டும், பேனா கூடாது. கைப்பிரதியில் ஏதாவது பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் எந்த வரி என்று குறித்து அனுப்பு.

என்ன மொழிபெயர்க்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?

அன்புடன்,
அண்ணன்