மருந்துப் பட்டியல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்வினைத் தொற்றுகளைக் கையாள சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் எதில் பயிற்சி என்பதில்தான் எனக்கு மனக்குறை. நான் ஓய்வுபெற்ற செவிலியர். இந்த வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டும் இருக்கிறேன், பிறகு நின்று சொல்லித் தந்தும் இருக்கிறேன்.

மூன்று நாள் வகுப்பு என்றால் இரண்டரை நாள் மருந்துப் பட்டியலிலேயே போய்விடும். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டை நோய்க் கிருமி பென்சிலினுக்கு அடங்கிய காலம் உண்டு. அப்புறம் டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பழைய நோட்டை வைத்துக்கொண்டு இன்று மருந்து எழுத முடியாது.

ஆனால் நோயாளி வாய் திறந்தால்தானே பட்டியலுக்கு வேலை? ஒரு வகுப்பில் இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் நோயாளி, மற்றவர் பணியாளர் என்று நடிக்கச் சொன்னேன். மருந்தையும் அளவையும் தலைகீழாக ஒப்பிக்கும் ஒரு தம்பி, கடைசியாக எப்போது உறவு வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்க முடியாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், “தப்பான பழக்கம் ஏதாவது உண்டா?” என்றார். நோயாளியாக நடித்த பெண் பட்டென்று “இல்லை” என்றார். நிஜ நோயாளியும் அதையேதான் சொல்லியிருப்பார். “எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், உங்களிடமும் கேட்கிறேன்” என்று தொடங்க அந்தத் தம்பிக்கு நாலு தடவை ஒத்திகை தேவைப்பட்டது.

வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டா வருவார்கள்? நீர்க்கடுப்பு என்பார்கள், உடம்புச் சூடு என்பார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோயில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே இல்லாமல் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறியும் விடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். “புண்தான் ஆறிடுச்சே, ஊசி எதுக்கு?” என்று எழுந்து போகிறவரை உட்கார வைக்கத் தெரிய வேண்டும். அவர் கர்ப்பிணியாக இருந்தால், உரிய நேரத்தில் போடும் பென்சதின் பென்சிலின் ஊசி வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் காப்பாற்றும்.

வெள்ளைப்படுதலில் இன்னும் நிதானம் வேண்டும். பல நேரம் அது பால்வினைத் தொற்றாகவே இருக்காது. அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் வீட்டில் என்ன பாடுபடுவார் என்று எந்த வகுப்பிலும் பேசி நான் கேட்டதில்லை. அதேசமயம் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. கணவருக்கும் சிகிச்சை தேவை என்றால், அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து யோசிப்பதும் நம் வேலைதான். அதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டுமே உலகில் நாளொன்றுக்கு 10 லட்சத்துக்கும் மேல் புதிதாக உண்டாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு, பயிற்சி நேரத்தில் பாதியையாவது பேசிப் பழகவும் கேட்டுப் பழகவும் ஒதுக்குங்கள். வகுப்பு முடிந்து போன பிறகும் ஒரு மாதம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், நோயாளியிடம் பேசும் அறைக்குச் சாத்தக்கூடிய கதவு ஒன்று வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பாதித் திரைதான் இருந்தது. அதற்கு அந்தப்பக்கம் மருந்து வாங்கும் வரிசை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்