கடலில் விழுந்த போனும் ஒரு கருவியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் டிஜிட்டல் பதிப்புக்குச் சந்தா கட்டுவது லண்டனில் இருக்கும் மகன். வாசிப்பது திருகோணமலை உவர்மலையில் நானும் மனைவியும். என்னிடம் கடன் அட்டை இல்லை, அவனிடம் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

செப்டெம்பரில் ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து போனைத் திறந்தால், அனுமதித்த கருவிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டதாம். உறுதிப்படுத்தும் இலக்கம் மகனின் மின்னஞ்சலுக்குப் போகிறது, பத்து நிமிடம்தான் செல்லும். அங்கே அப்போது இரவு ஒன்றரை. பேப்பர் வாசிக்கப் பிள்ளையை எழுப்புவதா? நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மனைவி எழுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, குறுக்கெழுத்து.

நீங்கள் தருவது நான்கு கருவி. எங்களிடம் இருப்பது இரண்டு போன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்துத்தான் கணக்கு விளங்கியது. என் போனில் செயலியில் திறந்தது ஒன்று, குரோம் உலாவியில் திறந்தது இன்னொன்று. குக்கீகளை (ஆளை அடையாளம் காண இணையத்தளம் போனில் வைக்கும் சிறு குறிப்புகள்) அழித்த பிறகு அதே போன் புதுக் கருவியாகப் பதிவாகியிருக்கிறது. நான்காவது, ஓகஸ்டில் வந்த பேரன் டச்பே கடலில் குளிப்பாட்டிய பழைய போன். அது செத்துவிட்டது, உங்கள் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மனைவியின் போனுக்கு இடமே இல்லை.

ஒருவர் கட்டிய சந்தாவில் ஊரே வாசித்தால் நிருபருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். சரிதான். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் இரண்டும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்திய நாடு இது. காகிதமில்லாத பத்திரிகைக்குக் காசு கொடுக்க நான் பின்நிற்கவில்லை.

ஆனால் பேப்பர் எங்களுக்கு ஒருபோதும் ஓர் ஆளுக்காக வந்ததில்லை. சனசமூக நிலையத்து மேசையில் நடுப்பக்கம் ஒருவர், விளையாட்டு ஒருவர், மரண அறிவித்தல் ஒருவர் என்று தாள் தாளாகப் பிரித்து வாசித்தவர்கள் நாங்கள். மரண அறிவித்தல் தாள்தான் எப்போதும் கடைசியாகத் திரும்பி வரும். அங்கேயும் கட்டுப்பாடு இருந்தது: கையில் தாள் இருக்கிறவர்தான் வாசிக்கலாம். நெட்பிளிக்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடுகிறது என்று பார்க்கிறது, வீட்டில் எத்தனை போன் என்று கேட்பதில்லை. (கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017இல் ட்விட்டரில் எழுதிவிட்டு, 2023இல் வேறு வீட்டில் இருப்பவருக்குத் தனிக் காசு கேட்கத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான். அந்த விதியை நீங்களும் கொண்டுவந்தால் முதலில் மாட்டுவது நான் என்று தெரியும்.)

இரண்டு திரை ஒரே நேரத்தில் என்று வையுங்கள், போதும். பழைய கருவியை நாங்களே நீக்க ஒரு பொத்தான் தாருங்கள். அப்புறம், தபாலில் சந்தா கட்டிய காலத்தில் காசு கட்டுபவர் பெயர் வேறு, பேப்பர் போகவேண்டிய விலாசம் வேறு என்று தனித்தனியாகத்தான் எழுதுவோம். முப்பது வருடம் அந்தக் காசுக்கட்டளைகளில் முத்திரை குத்தியவன் சொல்கிறேன். அந்த உறுதிப்படுத்தும் இலக்கத்தை, பேப்பர் வாசிக்கிறவருக்கு அனுப்பினால் லண்டனில் ஒருவன் நிம்மதியாகத் தூங்குவான்.

கடலில் விழுந்த போனை நீக்கித் தரும்படி எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால்தான் இதைத் தபாலில் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
உவர்மலை, திருகோணமலை.