கிழிந்த சுவரொட்டிக்கும் இந்த ஊரில் இடம் வேண்டும்

தேசிய நூலக வாரியத்துக்கும் அதன்கீழ் இயங்கும் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும்,

வணக்கம்.

பழைய சினிமா சுவரொட்டி, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறேன். ஸ்டூடியோக்கள் கோலோச்சிய காலம்தான் எனக்கு உயிர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டூடியோஸ், ஜெமினி, ஏவி.எம்., இங்கே நம் ஜாலான் அம்பாஸ், கத்தே-கிரிஸ். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் அலமாரி மேலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும் தமிழ்ப் பட விளம்பரத் தாள்களை ‘அது இந்தியச் சினிமா’ என்று தள்ளிவைக்காமல், சிங்கப்பூரின் வரலாறாகவே மதித்து, வீடு தேடி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் ‘சந்திரலேகா’ நோட்டீஸ் ஒன்று இருக்கிறது. 1948-இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த படம். முரசுகளின்மேல் நடனக்காரர்கள் ஆடும் காட்சிக்காகவே இன்றும் பேசப்படுவது. இளஞ்சிவப்புத் தாள், மலிவு ரகம், மடித்த இடத்தில் இற்றுவிட்டது. படத்தின் பெயர் தமிழில் பெரிதாக இருக்கிறது. கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே அரபு வடிவ ஜாவி எழுத்தில் மலாய். டிக்கெட் விலை வெள்ளியிலும் காசிலும் போட்டிருக்கிறது. பின்பக்கம் யாரோ பென்சிலில் மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள்: அரிசி, மிளகாய், மண்ணெண்ணெய். படம் சென்னையில் பிறந்தது, சரி. இந்தத் தாள் எந்த ஊருடையது? மூன்று மொழிக்காரர்களையும் ஒரே கொட்டகைக்கு அழைத்த ஊருடையது. சென்னையில் எந்தச் சேகரிப்பாளரைக் கேட்டாலும் ஜாவி எழுத்துள்ள ‘சந்திரலேகா’ நோட்டீஸ் எளிதில் கிடைக்காது.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். ஜெமினிக்காக 1941-இல் ‘மதனகாமராஜன்’ படத்தை இயக்கிய பி.என். ராவ்தான் பின்னர் இங்கே வந்து கத்தே-கிரிஸுக்கு ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் பேய்ப் படத்தை எடுத்தார். 1957 ஏப்ரல் 27 அன்று வெளியாகி ஊரையே கலக்கிய படம். அதன் பிரதி இன்று இல்லை. எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்றவர்களும் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படங்களை இயக்கியவர்கள். தமிழ்ப் பட விளம்பரங்களை ஒரு பெட்டியிலும் மலாய்ப் பட விளம்பரங்களை வேறொரு கட்டடத்திலும் வைத்தால் இந்த உறவு யார் கண்ணிலும் படாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள், பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும்.

படச்சுருள் அழிந்தபின் மிஞ்சுவது தாள்தான். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) நமக்கு இப்போது விளம்பரங்களாகவும் சில நிழற்படங்களாகவும்தான் கிடைக்கிறது. ஹாலிவுட்டிலும் இதே கதை. 1927-இல் வந்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் கடைசிப் பிரதி தீயில் போயிற்று. அதன் சுவரொட்டி ஒன்று 2014-இல் 4,78,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. விலைக்காகச் சொல்லவில்லை. படமே இல்லாத இடத்தில் ஒரு தாளின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதற்காகச் சொல்கிறேன்.

சுவரில் ஒட்டியதெல்லாம் மழையோடும் அடுத்த படத்தின் பசையோடும் போய்விட்டது. தப்பியவை, ஒட்டாமல் எஞ்சியதைக் கொட்டகை ஊழியர் யாராவது மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனவைதாம். அவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் வீட்டை விற்றபோது, டிரங்குப் பெட்டி நிறைய இருந்த பாட்டுப் புத்தகங்கள், பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் எடைக்குப் போயின. பேரப்பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே! அதனால்தான் ‘நன்கொடை தர விரும்புவோர் அணுகலாம்’ என்ற அறிவிப்பு போதாது என்கிறேன். சமூக மன்றங்களுக்கும் முதியோர் நடவடிக்கை நிலையங்களுக்கும் தமிழ் பேசத் தெரிந்த அலுவலரை அனுப்புங்கள். தாளைப் பிரிய மனமில்லாதவர்களிடம் மின்வருடிவிட்டு மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் சொல்லும் கதையையும் அங்கேயே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கிழிந்தது, பாதி போனது என்று எதையும் ஒதுக்க வேண்டாம். லித்தோவில், அதாவது கல்லச்சில், அச்சான தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கல்லில் ஓவியர் கையால் வரைந்த கோடும் சொரசொரப்பும் தெரியும். பிற்கால மறுபதிப்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க முழுத் தாள் தேவையில்லை, கையகலத் துண்டு போதும். சந்தையில் மறுபதிப்புகள் மலிந்துகிடக்கும் இந்நாளில் அந்தத் துண்டுதான் ஒப்பிட உதவும் சான்று.

நம் ஊர்ப் புழுக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாக்கும் அக்கறையில் குடும்பங்களே தாளை லேமினேட் செய்துவிடுகின்றன, செல்லோடேப் ஒட்டிவிடுகின்றன. லேமினேட் செய்ததைப் பிரிப்பது பெரும்பாடு. எப்படி வைத்திருப்பது என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டாலே பாதித் தாள்கள் பிழைக்கும்.

உங்களால் முடியும் என்று நம்பியே எழுதுகிறேன். கத்தே-கிரிஸின் மலாய்ப் படங்களை 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் ஆவண மரபுப் பதிவேட்டில் ஏறச் செய்தவர்கள் நீங்கள். மறு ஆண்டே, தொண்டூழியர்களோடு சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னாக்கம் செய்து காட்டினீர்கள். நூலுக்குச் செய்ததை நோட்டீஸுக்கும் செய்யுங்கள்.

முதல் ஆளாக என் சேகரிப்பைத் தரத் தயார். எனக்கு இரண்டே நிபந்தனைகள். பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும், மளிகைக் கணக்கு உட்பட, பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
பழந்திரைத் தாள்களைச் சேர்க்கும் சிங்கப்பூர்த் தமிழன்