அட்டையைப் பிடித்துக்கொண்டவருக்கு

போர்க்கைதியாக இருந்து விடுபட்டு, வீடு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இப்போதும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன். கொஞ்சம் தேறிய பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி சொல்லப் போவதில்லை.

முதல் நன்றி, இதைப் படிக்க வாய்ப்பே இல்லாத ஒருவருக்கு. எதிர்த்தரப்பு ராணுவ மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர் அவர். பெயர் கேட்டுக்கொள்ள எனக்கு அவர் மொழி தெரியாது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, என் கட்டிலுக்கு இரண்டு அட்டைகள் வந்தன. பிடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் வீட்டுக்கு ஒன்று, போர்க்கைதிகளின் விவரங்களைப் பதிகிற ஜெனீவா செஞ்சிலுவை அலுவலகத்துக்கு ஒன்று என்று எழுத விட வேண்டும். போர்க்கைதிகளை நடத்துவது பற்றிய 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கிற விதி அது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபோது பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்து மறந்திருந்தேன்.

அட்டையைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. என் வலது கையில் முழங்கை வரை கட்டு. இடது கையால் எழுதப் பார்த்தேன், அட்டை நழுவி நழுவிப் போனது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, கட்டிலோரம் குந்தி, அட்டையின் இரண்டு மூலைகளையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை.

முடித்ததும் என் கட்டைக் காட்டினார், கோணல் எழுத்தைக் காட்டினார், கையை விரித்தார். இதை நீதான் எழுதினாய் என்று உன் வீட்டில் எப்படி நம்புவார்கள்? அதைத்தான் கேட்டார். பிறகு ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தை விரலால் தட்டினார். அம்மா மட்டும் என்னைக் கூப்பிடும் பெயரை அங்கே எழுதினேன். அது என்ன பெயர் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

அந்த அட்டை வீட்டுக்கு வர ஏழு வாரம் ஆகியிருக்கிறது. "இது அவன் கையெழுத்தே இல்லை" என்று அண்ணன் தள்ளி வைத்துவிட்டாராம். அதற்குள் எத்தனை பொய்ச் செய்திகளைக் கேட்டிருந்தார்கள், பாவம். அம்மாதான் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த ஓரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரிதான் அம்மா தூங்கினார் என்று அண்ணி சொன்னார்.

எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இரண்டு விரல்களை நினைத்தால் கோபம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவருக்கும் வீட்டில் யாரோ காத்திருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியிருக்காது.

அப்புறம் மற்ற எல்லோரும். காவலர்களை வெளியே இருக்கச் சொல்லி எங்களிடம் தனியாகப் பேசிய செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள். முகாமில் எங்கள் சார்பில் பேச நாங்களே தேர்ந்தெடுத்த சக கைதி, போர்வைக்காக அவர் மன்றாடாத வாரம் இல்லை. என் இரண்டாவது அட்டையை ஜெனீவாவில் பதிவு செய்த, முகம் தெரியாத ஒருவர். 1914இல் தொடங்கி முதல் உலகப் போர் முடிவதற்குள் அங்கே சுமார் 70 லட்சம் பெயர் அட்டைகள் சேர்ந்தனவாம். அந்த வேலையின் அருமை இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்துபோன என் பிரிவுத் தோழர்கள், மனுவோடு அலைந்த சொந்தங்கள், பதில் வராது என்று தெரிந்தும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள். எனக்கு மாதத்துக்கு இரண்டு கடிதம், நான்கு அட்டை எழுதத்தான் விட்டார்கள். அதனால்தான் உங்களுக்கெல்லாம் அங்கிருந்து எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. பக்கத்துக் கட்டிலில் எங்கள் பிரிவுத் தம்பி ஒருவன் நினைவில்லாமல் கிடந்தான். அவன் தலைமாட்டிலும் இரண்டு அட்டைகள் இருந்தன, வெறுமையாக. மறுநாள் அவனை வேறெங்கோ கொண்டுபோனார்கள். திரும்பியவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

நாளை மறுநாள் அவன் வீட்டுக்குப் போகிறேன். பார்த்ததை மட்டும் சொல்வேன், கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அவர்கள் சம்மதித்தால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கான தேடல் மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதித் தருவேன். வலது கை இப்போது எழுதும் அளவுக்குத் தேறிவிட்டது.