ஹாப்ஸ் மண்டியைப் பற்றி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அடுத்த முறை எழுதுங்கள். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

நான் அனுப்பிய பீர்ப் பானைப் படத்தைப் பார்த்துவிட்டு, "பானை முழுக்க இப்படிப் பச்சைக் கலங்கலாக இருக்கிறதே, ஒரு துணியில் வடிகட்டினால் என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கும் யாருக்கும் வருகிற கேள்விதான். ஆனால் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல வராது. அந்தக் கலங்கல் ஹாப்ஸ் என்ற கொடியின் மண்டி, அதாவது அடியில் தங்கும் கசடு. அதை வடிகட்டத் தேவையில்லை என்பது என் கட்சி. ஏன் என்று நிதானமாக எழுதுகிறேன்.

இங்கே வேலை நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. குளிர்காலத்தில் இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறேன். தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரை நேரில் பார்த்துப் பேச வாரக்கணக்காகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில், சனிக்கிழமை ஒரு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினால் நான்கு பேர் தானாக வந்து நிற்கிறார்கள். எனக்கு இங்கே கிடைத்த நட்பெல்லாம் அந்தப் பானையைச் சுற்றிக் கிடைத்ததுதான். சட்டப்படி சரிதானா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு வரியில்லாமல் பீர் காய்ச்ச 1978-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். நான் காய்ச்சுவது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, ஹாப்ஸுக்கு வருகிறேன். அது ஒரு கொடி. வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமா பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. இந்த நாட்டு ஹாப்ஸில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. பதினெட்டு அடி உயரத்தில் கம்பி இழுத்து, அதிலிருந்து தொங்கும் கயிற்றில் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. பெண் கொடியில் காய்க்கிற, இதழ் இதழாக அடுக்கிய சின்னக் கூம்புதான் நமக்கு வேண்டியது. அதைப் பிரித்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் மகரந்தம் போலத் தூள் ஒட்டியிருக்கும். லுபுலின் என்பார்கள். பீரின் கசப்பும் மணமும் அந்தத் தூளுக்குள் இருக்கின்றன. மற்ற இலைப்பகுதியெல்லாம் அதைத் தாங்குகிற உறை.

அந்தக் கூம்பை உலர்த்தி, பொடித்து, துளையுள்ள தட்டு வழியாக அழுத்தி வெளியே தள்ளினால் மாட்டுத் தீவனக் குச்சி மாதிரி பச்சைக் குச்சிகளாக வருகிறது. அதுதான் பெல்லட். கடைகளில் அதிகம் கிடைப்பது டி-90 வகை. 100 கிலோ ஹாப்ஸிலிருந்து ஏறக்குறைய 90 கிலோ பெல்லட் என்ற கணக்கில் வந்த பெயர் அது. லுபுலினைச் சலித்துச் செறிவாக்கிய டி-45 என்ற வகையும் உண்டு. முழுக் கூம்பைவிட பெல்லட் இடம் அடைக்காது, நீண்ட நாள் தாங்கும். பொடிக்கும்போதே லுபுலின் உடைந்துவிடுவதால் கசப்பையும் மணத்தையும் சீக்கிரம் கொடுக்கும். இந்த வசதிகளுக்காகத்தான் நானும் அதையே வாங்குகிறேன்.

ஆனால் ஒன்று. முழுக் கூம்பைக் கொதிக்கவிட்டால் அது இலையாகவே இருக்கும். பானையின் அடியில் படிந்து, தானே ஒரு வடிகட்டியாக வேலை செய்யும். பெல்லட் அப்படியில்லை. சூடான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் விழுந்த சில நொடிகளில் ஊதி, உடைந்து, மாவாகக் கரைந்துபோகும். படத்தில் நீங்கள் பார்த்த பச்சைக் கலங்கல் அதுதான். அதோடு கொதியில் திரண்ட மால்ட் புரதமும் சேர்ந்திருக்கும்.

நானும் எல்லாரையும் போலத் துணிப்பை, எஃகு வலைக்கூடை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். பையில் கட்டிப்போட்டால் பெல்லட் ஊதிப்போய் ஒரே கட்டியாகிவிடும். கட்டியின் நடுவில் இருக்கிற ஹாப்ஸுக்குச் சாறு போய்ச் சேராது. கசப்புக்கு நாம் நம்பியிருக்கிற ஆல்பா அமிலங்கள் கொதிக்கிற சாற்றில் கலந்து, உருமாறி, கரைய வேண்டும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் மூன்றில் ஒரு பங்கு பீரில் சேர்ந்தாலே அதிகம். அதைப் பையில் போட்டு இன்னும் குறைப்பானேன்? அதனால் கொதியில் நான் பெல்லட்டை அப்படியே தூவிவிடுகிறேன். தூவிய உடனே பொங்கி வரும். தீயைக் குறைத்துவிட்டு, கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். கடைசிப் பத்து பதினைந்து நிமிடத்தில் உலர்ந்த கடற்பாசி கொஞ்சம் சேர்க்கிறேன். புரதத்தைப் பிடித்துத் திரட்டி அடியில் தள்ள அது நல்ல உதவி.

அடுப்பை அணைத்துச் சாற்றை ஆறவைத்த பிறகுதான் முக்கியமான வேலை. குளிர்விக்கும் செம்புச் சுருளை வெளியே எடுத்துவிட்டு, நீளமான கரண்டியால் சாற்றை ஒரே திசையில் வேகமாகச் சுழற்றுவேன். கரண்டியை எடுத்துவிட்டு, மூடி போட்டு, இருபது நிமிடம் பானையைத் தொடுவதில்லை. திறந்து பார்த்தால் பச்சை மண்டி பானையின் நடுவில் மேடு கட்டியிருக்கும். ஓரத்தில் தெளிந்த சாறு. ஓரத்துக் குழாய் வழியாக அதை மட்டும் இறுத்துக்கொள்ளலாம்.

சுழலும் நீரில் கனமான பொருள் ஓரத்துக்குத்தானே போக வேண்டும், நடுவுக்கு ஏன் வருகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், இதற்கு விளக்கம் எழுதியவர் ஐன்ஸ்டைன். 1926-ல், ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்பதைப் பற்றிய கட்டுரையில், கோப்பையைக் கலக்கினால் தேயிலை நடுவில் சேர்வதையும் சேர்த்து விளக்கினார். பாத்திரத்தின் அடியில் உரசலால் நீரின் வேகம் குறைகிறது. மேலே வேகமாகச் சுழலும் நீர் ஓரத்தில் அழுத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. அடியில் இருக்கும் மெதுவான நீரால் அதை எதிர்த்து நிற்க முடியாது. அது நடுவை நோக்கி நகர்கிறது, மண்டியையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறது. பெரிய ஆலைகளும் இதே தத்துவத்தில் இயங்கும் கலன்களைத்தான் வைத்திருக்கின்றன. நம் வீட்டுப் பானைக்கு ஒரு கரண்டி போதும். எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்சம் மண்டி நொதிக்கும் கலனுக்குள் போய்விட்டாலும் பரவாயில்லை. அதில் இருக்கும் கொழுப்பும் துத்தநாகமும் நொதிக்க வைக்கும் ஈஸ்டுக்கு நல்லதுதான். பெரும்பகுதியைப் பானையிலேயே விட்டால் சரி.

அடுத்த கட்டத்தில்தான் பலர் கலங்கிப்போகிறார்கள். நொதித்தல் முடியும் தறுவாயில், மணத்துக்காக மறுபடியும் பெல்லட் போடுவது வழக்கம். கொதி கிடையாது. மிர்சீன், லினலூல் போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் அப்போதுதான் பீரில் தங்கும். ஆனால் சுழற்றி மேடு கட்டும் வித்தை இங்கே உதவாது. மூடியைத் திறந்து கலக்கினால் காற்று சேரும். நொதித்த பீருக்குக் காற்றைப் போல எதிரி வேறில்லை. நிறம் கறுத்து, மணம் செத்துப்போகும். போட்ட பெல்லட் முதலில் மேலே மிதந்து ஊதும். அடுத்த நாள் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். எண்ணெய் பெரும்பாலும் முதல் ஒரு நாளிலேயே பீருக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஊறவைப்பதால் பச்சை இலை வாடைதான் கூடும்.

அப்புறம் குளிர். கலனை அப்படியே 1 முதல் 3 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து இரண்டு நாள் வைத்துவிடுகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் இதில் இருக்கிறது, அண்ணா. ஒரு திரவத்தில் துகள் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதற்கு 1851-ல் ஸ்டோக்ஸ் என்பவர் கணக்குச் சொன்னார். துகளின் விட்டம் இரு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். அதாவது பெரிய துகள் எப்படியும் சீக்கிரம் இறங்கிவிடும். நம்மைப் படுத்துவது சன்னத் தூள்தான். துணியோ வலையோ எதைப் பிடிக்கிறது? பெரிய துகளைத்தான். தானாக அடியில் தங்கியிருக்கக் கூடியதை நாம் மெனக்கெட்டுப் பிடிக்கிறோம். சன்னத் தூள் துளை வழியாக நழுவிப்போகிறது. துளையை இன்னும் சிறிதாக்கினால் இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. அடைத்துக்கொண்டால் கரண்டியால் கிளறத் தோன்றும். கிளறினால் துகள் இன்னும் சிறிதாக உடையும், பீரில் காற்றும் புகும். குளிரில் புரதமும் ஹாப்ஸின் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. ஈஸ்டும் சேர்ந்து இறங்குகிறது. இரண்டு நாள் சும்மா விட்டால் எடையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எதற்கு வடிகட்டி?

குளிர்விக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பீர் சுருங்கும், மேலே இருக்கும் கரியமில வாயுவும் பீருக்குள் கரையும். உள்ளே அழுத்தம் குறைந்து, மூடியில் வாயுவை வெளியே விட இருக்கும் நீர்ப்பூட்டு வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அதனால் நொதிக்கும்போதே வருகிற வாயுவை ஒரு பலூனில் பிடித்து வைத்திருக்கிறேன். குளிரும்போது கலன் காற்றுக்குப் பதில் அதை இழுத்துக்கொள்கிறது.

பீரைச் சைஃபன் குழாயில் இறுத்தெடுக்கும் இடத்தில் கை நிதானமாக இருக்க வேண்டும். குளிர்விக்கத் தொடங்கும்போதே கலனின் ஒரு பக்கத்துக்கு மரக்கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்தால் மண்டி மறுபக்கம் ஒதுங்கும். குழாயின் வாயை நடுமட்டத்தில் பிடித்து, பீர் குறையக் குறைய இறக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசி ஒன்றிரண்டு லிட்டரை மண்டியோடு விட்டுவிட வேண்டும். பெல்லட் பீரை நன்றாகக் குடித்துக்கொள்ளும். பிழிந்து எடுக்க ஆசைப்பட்டால் தொண்டையை அரிக்கிற துவர்ப்புதான் மிஞ்சும். எனக்கு 20 லிட்டர் வேண்டுமென்றால் 22 லிட்டராகத் தொடங்குகிறேன். அந்த இரண்டு லிட்டர் ஹாப்ஸுக்கு என்று வைத்துக்கொண்டால் மனசும் அடித்துக்கொள்ளாது. குழாய் வாயில் மட்டும், கொதிநீரில் போட்டெடுத்த நைலான் துணி ஒரு துண்டைக் கட்டிக்கொள்வேன். அது வடிகட்ட இல்லை. தப்பித்தவறி ஒரு பெரிய கட்டி குழாயை அடைக்காமல் இருக்க. பாட்டிலுக்குள் பச்சைத் தூள் போனால் வாயு அதைப் பிடித்துக்கொண்டு குமிழியிடும், திறக்கும்போது பாதி பீர் வெளியே பீறிடும்.

இன்னொரு விஷயமும் உங்களுக்குப் பிடிக்கும். ஹாப்ஸில் இயற்கையாகவே கொஞ்சம் நொதிகள் (என்சைம்கள்) இருக்கின்றன. நொதித்து முடிந்த பீரில் பெல்லட் போட்டால், ஈஸ்ட் தொடமுடியாமல் மிச்சம் வைத்த மாவுச் சங்கிலிகளை அவை சர்க்கரையாக உடைக்கும். தூங்கின ஈஸ்ட் மறுபடி எழுந்துவிடும். இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற இரண்டு பேர் 1893-லேயே இதை எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் இருந்து, ஹாப்ஸை அள்ளிப்போடும் பீர்கள் வந்த பிறகுதான் மறுபடி பேசப்பட்டது. அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. குளிர்விப்பதற்கு முன்பே அடர்த்திமானியில் இரண்டு மூன்று நாள் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பெல்லட் வைத்திருக்கும் விதம் சுருக்கமாக: காற்றை உறிஞ்சி மூடிய பையில், உறைபெட்டியில். பிரித்த பை வெளியில் கிடந்தால் பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும். அதற்குப் பிறகு அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

மிஞ்சுகிற மண்டியைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். மண்ணில் புதைத்தால் செடிக்கு நல்ல உரம். ஆனால் நாய்க்கு ஹாப்ஸ் விஷம். கொதித்துத் தீர்ந்ததும் சரி, புதிதானதும் சரி, தின்றால் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பீர் காய்ச்சுகிற வீட்டுக்கு நாயோடு வரும் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரரிடமும் இரண்டு நாய்கள் உண்டு. அதனால் மண்டியை மூடியுள்ள உரத்தொட்டியில்தான் போடுகிறேன்.

இந்த வாரம் போட்டிருக்கிற கலன் நாளை மறுநாள் குளிருக்குப் போகிறது. இறுத்த பிறகு படம் அனுப்புகிறேன். தெளிவு போதுமா, இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாமா என்று உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். பெரியவனுக்கு ஸ்டோக்ஸ் கணக்குப் புரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை என்னை அழைக்கச் சொல்லுங்கள், பொறுமையாகச் சொல்லித்தருகிறேன்.

அண்ணிக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி