பெட்ரோல் முள்ளைப் பற்றி கயலுக்கு

கல்கூர்லி, மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள கயலுக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் குழந்தையும் நலம். அப்பா, அம்மா, நீ எல்லோரும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று எழுது. இங்கே ஜூலை மாதம், நல்ல குளிர். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கார் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கிறது. ஜனவரியில் இதே ஊரில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். மண் எல்லாம் செங்கல் பொடி நிறம். தங்கச் சுரங்கத்தை நம்பியே உண்டான ஊர் இது. குடிக்கிற தண்ணீர்கூட பெர்த் பக்கத்து அணையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. 1903இல் போட்ட திட்டம், இன்றைக்கும் அதுதான் ஊருக்குத் தண்ணீர். பெர்த் போகிற ரோட்டை ஒட்டியே அந்தக் குழாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

போனில் நீ கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "அஸ்தம்பட்டியில கிளம்பும்போது, இருக்கிற பெட்ரோலுக்கு இன்னும் 210 கிலோமீட்டர் ஓடும்னு காரு காட்டுச்சுக்கா, ஏற்காடு போய்ச் சேர்றதுக்குள்ள 120ன்னு ஆயிடுச்சு. முப்பது கிலோமீட்டர்தானே வந்தேன், டேங்க் ஒழுகுதா?" என்று கேட்டாய். வண்டிக்கு அடியில் ஈரமோ, உள்ளே பெட்ரோல் வாசனையோ இல்லையென்றால் ஒழுகவில்லை. வண்டி கணக்குப் போட்ட விதம் அப்படி.

உன் டேங்கில் ஒரு 14 லிட்டர் இருந்தது என்று வைத்துக்கொள். கீழே சேலம் டவுனில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்திருந்தால், இரண்டையும் பெருக்கி 210 என்று காட்டும். மலை ஏறும்போது லிட்டருக்கு 8தான் கிடைத்தால், முப்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட நாலு லிட்டர் போய்விடும். மிச்சம் 10. இப்போது பழைய 15ஐயும், கொஞ்ச நேரமாக மலையில் ஓடியதையும் சேர்த்து 12 என்று சராசரி எடுக்கும். பத்துப் பன்னிரண்டு 120. ஆக அந்த எண் நீ ஓட்டி முடித்த ரோட்டை வைத்துச் சொல்வது. முன்னால் இருக்கிற இருபது கொண்டை ஊசி வளைவும் அதற்குத் தெரியாது.

இறங்கும்போது இதற்கு நேர் எதிராக நடக்கும். கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய வண்டிகள் எஞ்சினுக்குப் பெட்ரோலையே நிறுத்திவிடும். அடிவாரம் வருவதற்குள் எண் ஏறியிருக்கும். அதைப் பார்த்து, நிறைய இருக்கிறது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. மைலேஜுக்காக யார் நியூட்ரலில் இறங்கச் சொன்னாலும் கேட்காதே கயல். நியூட்ரலில் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் பிடிப்பும் போய்விடும், பிரேக் ஒன்றே எல்லாப் பாரத்தையும் தாங்கிச் சூடேறும்.

இங்கே வந்த பிறகுதான் இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தேன். காரணம் இந்த ஊர் தூரம். கிழக்கே போகிற நெடுஞ்சாலையில் நார்ஸ்மன் என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த பெட்ரோல் பலடோனியாவில், சுமார் 190 கிலோமீட்டர். அதற்கடுத்தது கைகூனா, இன்னும் 180. அந்த இரண்டுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர் ரோடு, போர்டே வைத்திருக்கிறார்கள். வழியில் பங்க் இல்லை, டீக்கடை இல்லை, பல இடத்தில் செல்போன் சிக்னலும் இல்லை. எதிர்க்காற்று அடித்தாலோ, 110 வேகத்தில் விரட்டினாலோ பெட்ரோல் செலவு ஏறும். அதனால் இங்கே இருக்கிறவர்கள் பாதி டேங்க் இருந்தாலும் பங்கைப் பார்த்தால் வண்டியை ஒதுக்கி நிரப்பிவிட்டுத்தான் நகர்கிறார்கள். அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நாமே இறங்கிப் பிடித்து நிரப்ப வேண்டும், ஆள் வர மாட்டார்கள். இந்த மாநிலத்தில் பங்க்காரர்கள் நாளைய விலையை இன்றைக்கே அரசாங்கத்திடம் சொல்லிவிட வேண்டும், காலை ஆறு மணிக்கு வைத்த விலை இருபத்து நாலு மணி நேரம் மாறக் கூடாது என்பது சட்டம். 2001இலிருந்து அப்படித்தான் நடக்கிறது. நம் பக்கமும் இப்படி முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முள்ளைப் பற்றியும் கேட்டாய். டேங்குக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்குகிற ஒரு கை. பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க கையும் இறங்கும், அதற்கேற்ப மின்தடை மாறி முள் நகரும். அது பார்ப்பது உயரத்தை மட்டும். அப்பா தினமும் பேப்பரில் மேட்டூர் அணை மட்டத்தைச் சத்தமாகப் படிப்பாரே, நினைத்துப் பார். 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. 60 அடி என்றால் அதில் பாதி இருக்க வேண்டுமே என்று தோன்றும், ஆனால் இருப்பது 25 டிஎம்சி சுற்றித்தான். மேலே அகலம், கீழே குறுகல், அதனால் அப்படி. கார் டேங்கும் சதுரப் பெட்டி இல்லை. பின் சீட்டுக்கடியில் கிடைத்த இடத்துக்கெல்லாம் தகுந்தபடி வளைத்துச் செய்தது. ஆகவே முள் முதல் கால் பங்கு இறங்க எடுக்கிற தூரமும் கடைசிக் கால் பங்குக்கான தூரமும் ஒன்றாக இருக்காது. மிதவை மேலே முட்டிக்கொண்டிருக்கும் வரை முள் நிரம்பியதைக் காட்டும் F குறியிலேயே நிற்கும். முள் காலியைக் காட்டும் E குறியைத் தொட்ட பிறகும் அடியில் கொஞ்சம் இருக்கும். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், ஏற்றத்தில் பின்னால் சாயும். முள் துள்ளாமல் இருக்க மெதுவாக நகரும்படி செய்திருக்கிறார்கள், ஆனாலும் மலை ரோட்டில் அது காட்டுவதைக் கணக்கில் எடுக்காதே. ஏரிக்கரைப் பக்கம் சமதளமாகப் பார்த்து நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பார்.

அடியில் இருக்கிற அந்தக் கொஞ்சத்தை நம்பி மட்டும் மலை ஏறவோ இறங்கவோ கூடாது. எனக்குக் கவலையே இதுதான். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சரிவில் அது பம்ப் இருக்கும் பக்கத்தை விட்டு நகர்ந்தால் எஞ்சின் தடுமாறும். பம்பைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். இறக்கத்தில் எஞ்சின் அணைந்துபோனால் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடலாம், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். சாயங்காலம் பனி இறங்கிய நேரத்தில், வளைவில், நீ தனியாக. நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அதனால் நான் சொல்வதைச் செய். ஐந்நூறு ரூபாய்க்குப் போடுங்கள் என்று சொல்வதை விட்டுவிடு. ஒரே பங்கில் ஃபுல் டேங்க் போடு, தானாக நின்றதும் போதும் என்று சொல், அதற்கு மேல் கழுத்து வரை ஊற்ற விடாதே. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. அடுத்த தடவையும் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகு. ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதே, நாலைந்து முறை எழுதி வை. அதில் மிகக் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள். உன் வண்டிக்கு 37 லிட்டர் என்றாயே, ஏழு லிட்டர் இல்லவே இல்லை என்று நினை. லிட்டருக்கு 10 வந்தாலும் முப்பதுக்கு 300. ட்ரிப் மீட்டர் அதைத் தொடும் முன் பங்குக்குள் நுழைந்துவிடு. சனி, ஞாயிறும் கோடை விழாச் சமயமும் இன்னும் முன்னாலேயே போடு. வண்டிகள் வரிசையாக நிற்கும்போது ஒரு அடி நகராமலே பெட்ரோல் போகும், குப்பனூர் வழியாகச் சுற்றிவிட்டால் தூரமும் மாறும்.

ஃபுல் டேங்க் போட்ட பிறகும் முள் ஏறாமல் கிடந்தாலோ, ஓடும்போது திடீரென்று கீழே விழுந்து எழுந்தாலோ அந்த மிதவைக் கை தேய்ந்திருக்கலாம், வயர் தளர்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

முதல் நாலு கணக்கை எழுதி எனக்கு அனுப்பு, நானும் போட்டுப் பார்க்கிறேன். அம்மாவை ஒரு நாள் ஏற்காடு ஒண்டிக்கடை வரை கூட்டிப்போய் வா, காற்று மாறினால் அவளுக்கும் நல்லது. குழந்தை சித்தி, சித்தி என்று போனைப் பிடுங்குகிறான்.

அன்புடன்,
அக்கா