ஓடுவதற்கும் கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மேசை விளையாட்டுக் கட்டுரை, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், சண்டையில் நிலைமை கைமீறினால் ஓடிவிடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஆடினால் அது அவ்வளவு சுலபம் இல்லை. வீம்புக்கு நின்று சாகிறவர்களை விடுங்கள். தப்பாக ஓடிச் சாகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு ரவுண்ட்; கதையில் அது ஆறு வினாடி. மனிதப் பாத்திரத்தின் வேகம் ஒரு முறைக்கு 30 அடி, அதோடு வெட்டவோ மந்திரம் போடவோ ஒரு ஆக்‌ஷன். எதிரியின் கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகினால் அவனுக்கு ஓசியில் ஒரு வெட்டு கிடைக்கும். இதற்குப் பயந்து புதியவர்கள் ‘டிஸ்எங்கேஜ்’ (ஜாக்கிரதையாக விலகுவது) எடுப்பார்கள். வெட்டு விழாது, ஆனால் ஆக்‌ஷன் அதிலேயே தீர்ந்துவிடும். 30 அடிக்கு மேல் நகர முடியாது. கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கும் வேகம் 30. தன் முறை வந்ததும் பின்னாலேயே வந்து நிதானமாக வெட்டும். ஓநாய்க்கு 40, கேட்கவே வேண்டாம். ஸோம்பிக்கு 20 என்பதால் அதனிடம் மட்டும் இது பலிக்கும்.

‘டேஷ்’ எடுத்தால், அதாவது ஆக்‌ஷனையும் ஓடுவதற்கே செலவிட்டால், 60 அடி. கிளம்பும்போது ஒரு வெட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் கோப்ளின் நம்மை எட்டிப் பிடிக்க அதுவும் டேஷ் எடுத்தாக வேண்டும். அந்த முறையில் கத்தி வீச முடியாது. (வில்லை எடுத்தால் வேறு கதை: 80 அடிவரை தூரத்தால் குறி பாதிக்காமல் எய்யும்.) பக்கத்தில் ஒருவன் மட்டும் என்றால் டேஷ். மூன்று பேர் சூழ்ந்திருந்தால் முதல் ரவுண்டுக்கு மட்டும் டிஸ்எங்கேஜ்.

இதைவிடப் பெரிய கோளாறு முறை வரிசையில் இருக்கிறது. அநேகமாக ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) தான் முதலில் கம்பி நீட்டுவார். இரண்டாம் லெவலிலேயே, வழக்கமான ஆக்‌ஷனுக்கு மேல் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் டேஷோ டிஸ்எங்கேஜோ எடுக்க அவருக்கு வசதி உண்டு. அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் அடுத்தவர் மேல் பாய்வார்கள். உண்மையில் அவர் கடைசியில் போக வேண்டியவர். ஒரு பொற்காசுக்கு வாங்கும் பையில் 1,000 சின்னஞ்சிறு உலோக உருண்டைகள் இருக்கும். கொட்டினால் 10 அடிக்குப் 10 அடி இடத்தை அடைக்கும். அதில் ஓடி வருகிறவர் டெக்ஸ்டெரிட்டி சேவில் (சுறுசுறுப்பைச் சோதிக்கும் பகடை உருட்டலில்) 10 எடுக்காவிட்டால் சறுக்கி விழுவார். கொட்ட ஆக்‌ஷன் போய்விடும் என்பதால் மற்றவர்கள் கொட்டிவிட்டு டேஷ் எடுக்க முடியாது; ரோக்கால் முடியும். குறுகலான நடைபாதையில் கொட்டுங்கள். திறந்த வெளியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எப்போது கிளம்புவது? நால்வர் குழுவில் முதல் ஆள் நினைவிழந்து விழுந்ததுமே. அதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சண்டை நடுவில் விவாதித்தால் அதற்குள் இரண்டாவது ஆளும் விழுந்துவிடுவார். விழுந்தவரை இழுத்துக்கொண்டு போனால் வேகம் பாதி, 15 அடிதான். இழுப்பதைவிட எழுப்புவது மேல். ‘ஹீலிங் வேர்ட்’ மந்திரத்தை 60 அடி தள்ளி நின்று போனஸ் ஆக்‌ஷனில் போடலாம். அவர் எழுந்திருக்க 15 அடி செலவாகும். டேஷ் எடுத்தால் மீதி 45 அடி ஓடலாம். ஆகவே அந்த மந்திரம் போட மிச்சமிருக்கும் கடைசி வாய்ப்பை (ஸ்லாட்) சண்டையில் கரைத்துவிடாதீர்கள்.

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கும் இதில் பொறுப்பு உண்டு. எல்லோரும் ஓட ஆரம்பித்த பிறகும் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தால் யாரும் தப்ப முடியாது. அவருக்கான விதிநூலான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் துரத்தலுக்கென்று தனி விதி இருக்கிறது. பல மேசைகளில் அந்தப் பக்கத்தையே புரட்டுவதில்லை. துரத்தலில் ஓசி வெட்டு கிடையாது. ஒருவர் 3-உடன் தன் உடலுறுதிக்கான எண்ணை (கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையர்) கூட்டினால் வரும் எண்ணிக்கை அளவுக்கு டேஷ் எடுக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு டேஷுக்கும் பகடை உருட்டி 10 எடுக்க வேண்டும். தவறினால் களைப்பு ஏறும். துரத்துகிறவருக்கும் இதே கணக்குதான்.

எதிரிகளும் சாகும்வரை நிற்க வேண்டியதில்லை. இதே விளையாட்டின் 1981 பேசிக் தொகுப்பில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை மோரேல் (மனத்துணிவு) எண் கொடுத்திருந்தார்கள். அவர்கள் தரப்பில் முதல் சாவு விழுந்ததும், பிறகு பாதிப்பேர் வீழ்ந்ததும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை மோரேலைத் தாண்டினால் அவர்கள் ஓட்டம். கோப்ளினுக்கு 7. அதாவது ஒவ்வொரு உருட்டலிலும் 36-ல் 15 தடவை அது நமக்கு முன்பே ஓடிவிடும். ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேறெந்த விதியையும் மாற்ற வேண்டாம்.

— வாசகர், திருச்சி